ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம், மருமகனே



கடைக்குப் புதுப் பலகை மாட்டி நீ அனுப்பிய படம் வந்தது. எழுத்து அழகாக விழுந்திருக்கிறது. 'ஆம்ப்ளிஃபையர், டர்ன்டேபிள், ஸ்பீக்கர் சர்வீஸ்' என்பது வரை படித்துச் சந்தோஷப்பட்டேன். அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் 'ஃபுல் காண்டாக்ட் ட்ரீட்மெண்ட் ரூ.1,500' என்று ஒரு வரி இருக்கிறதே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரி மாமா" என்பாய், வைத்ததும் மறந்துவிடுவாய். உன்னைப்போல் கடை போட்டிருக்கும் நாலு பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பத்திரிகைக்கே கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

இணைப்புகளில் சொட்டு விடும் அந்தச் சின்ன மருந்து பாட்டிலை மோசடி என்று நான் சொல்லவில்லை. என் மேஜையிலும் இரண்டு இருக்கின்றன. எதற்கு எதைப் போடுகிறோம், போட்டபின் கேட்கும் மாற்றம் எதனால் வந்தது என்பது தெரியாமல் காசு வாங்கக் கூடாது என்கிறேன்.

உங்கம்மா வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு தேய்ப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். களிம்பு ஏறிய பித்தளையில் புளியைப் போட்டுத் தேய்ப்பாள். தேய்த்ததும் நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துணியால் துடைப்பாள். அவசரத்தில் துடைக்காமல் விட்ட வாரம், விளக்கு முன்னைவிடச் சீக்கிரம் கறுத்துவிடும். நம் தொழிலில் பாதி அதுதான். புளியின் வேலையை ஒரு திரவம் செய்கிறது. துடைக்கிற வேலையை நாம்தான் செய்ய வேண்டும். பாட்டிலின் மேல் என்ன எழுதியிருந்தாலும் சரி.

பளபளவென்று இருக்கும் இரண்டு உலோக முகங்களை அழுத்தி வைத்தால் முழுப் பரப்பும் தொடுவதாக நினைக்கிறோம். தொடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களில் மேடும் மேடும் முட்டும் சில புள்ளிகள் வழியாகத்தான் கரண்ட் போகிறது. இந்தப் புள்ளிகளையே வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர் ஸ்வீடன்காரரான ரக்னர் ஹோல்ம். மின் இணைப்புகளைப் பற்றிய அவருடைய தடித்த புத்தகம்தான் இன்றும் இந்தத் துறைக்கு அடிப்படை. புள்ளிகள் சிறுத்தால் தடை ஏறும். நடுவே ஆக்சைடோ சல்ஃபைடோ படலமாகப் படிந்தால் இன்னும் ஏறும். நீ இருப்பது தூத்துக்குடி. உப்பளத்துக் காற்றில் இன்சுலேஷன் உரித்த செம்புக் கம்பி ஆறு மாதத்தில் என்ன நிறமாகிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி கணக்கைப் பார். 2.5 சதுர மில்லிமீட்டர் ஸ்பீக்கர் கம்பி, ஐந்து மீட்டர் தூரம். போக வர பத்து மீட்டர். அந்தக் கம்பியின் தடை மட்டுமே கிட்டத்தட்ட 70 மில்லி ஓம். சுத்தமாக, இறுக்கமாகப் போட்ட ஒரு டெர்மினலில் ஓரிரு மில்லி ஓம் இருந்தால் அதிகம். அதை மருந்து போட்டுப் பாதியாக்கினாலும் 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது தெரியவே தெரியாது. உன் காதுக்கும் தெரியாது, என் காதுக்கும் தெரியாது. ஆனால் களிம்பேறித் தளர்ந்த டெர்மினல் ஒன்றில் 1 ஓம் ஏறிவிட்டால் ஒலி 1 டெசிபல் குறையும். அதுவும் ஒரு பக்கம் மட்டும் ஏறினால் பாடகி நடுவிலிருந்து நகர்ந்து நிற்பாள். ஆக, கெட்டுப்போன இணைப்பைச் சரிசெய்தால் வித்தியாசம் மலைபோல் தெரியும். நல்ல இணைப்பை இன்னும் நல்லதாக்கினால் ஒன்றும் தெரியாது. நீ 1,500 ரூபாய் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைக்கு.

"கஸ்டமர் வித்தியாசம் தெரியுது என்கிறாரே மாமா" என்பாய். தெரிந்திருக்கும்தான். அது பாட்டில் செய்த வேலையா என்று பார்த்தாயா? மருந்து போட முதலில் என்ன செய்கிறாய்? பத்து வருஷமாக யாரும் தொடாத ஆர்சிஏ பின்னைக் கழற்றுகிறாய், போட்டபின் திருகிச் செருகுகிறாய். அந்தத் திருகலிலேயே படலம் உரசிப் போய்விடுகிறது. பாதி வைத்தியம் உன் கை செய்தது. பெயர் பாட்டிலுக்கு. அடுத்த தடவை ஒன்று செய்: இடது பக்கத்தைக் கழற்றிச் சும்மா இரண்டு மூன்று தடவை திருகிச் செருகு. வலது பக்கத்துக்கு மட்டும் மருந்து போடு. செட்டை மோனோவில் வைத்து, எந்தப் பக்கத்துக்கு மருந்து என்று சொல்லாமல் கஸ்டமரையே கேட்கச் சொல். நான் இதைப் பல வீடுகளில் செய்து பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் என் பலகையில் அந்த வரியை எழுத எனக்கு மனம் வரவில்லை.

மீட்டரை நம்புவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சாதா மல்டிமீட்டரின் இரண்டு லீடையும் ஒட்ட வைத்தாலே 0.2 ஓம் காட்டும். அதை வைத்து மில்லி ஓம் பார்க்க முடியாது. பெஞ்ச் சப்ளையிலிருந்து சரியாக 1 ஆம்பியர் இணைப்பு வழியே விட்டு, இணைப்பின் இருபுறமும் மில்லிவோல்ட் பார். ஒரு மில்லிவோல்ட் என்றால் ஒரு மில்லி ஓம். ஸ்பீக்கர் டெர்மினலுக்கு இது அருமையான சோதனை. ஆனால் டர்ன்டேபிள் பக்கம் இதைக் கொண்டுபோகாதே, பொய் சொல்லும். அவ்வளவு கரண்டும் வோல்டேஜும் மெல்லிய படலத்தைத் தானே உடைத்துக்கொண்டு போய்விடும். நோயாளியைக் குணப்படுத்திவிட்டு, நோயே இல்லை என்று சீட்டு எழுதிக் கொடுக்கும் சோதனை அது.

கெட்ட காண்டாக்ட் எங்கே உண்மையாகவே வதைக்கிறது என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட். மூவிங் காயில் என்றால் பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்கூட இருக்காது. படலத்தை உடைக்க அதற்குத் திராணி இல்லை. ஹெட்ஷெல்லுக்குள் நாலு நிறத்தில் ஓடும் நாலு கம்பிகள், அவற்றின் நுனியில் இருக்கும் தக்கினியூண்டு கிளிப்கள், அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும். பல் குத்தும் குச்சியின் நுனியை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் தொட்டு, ஒவ்வொரு பின்னாகத் துடை. கிளிப் தளர்ந்திருந்தால் ஊசிமூக்குப் பிளையரால் ஒரு மயிரிழை நெருக்கு. கார்ட்ரிட்ஜ் பின்னில் நேராகச் சோல்டர் வைக்காதே. உள்ளே இருக்கும் காயில் மயிரைவிட மெல்லியது.

இரண்டாவது இடம், பழைய ஜப்பானிய ரிசீவர்களில் இருக்கும் ஸ்பீக்கர் ரிலே. அறிகுறி எப்போதும் ஒன்றுதான். வால்யூம் குறைவாக இருக்கும்போது ஒரு பக்கம் மங்கிப் போகும், அல்லது கரகரக்கும். சட்டென்று வால்யூமை ஏற்றினால் ஒரு 'டப்' சத்தத்தோடு திரும்பிவிடும். கஸ்டமர் "தானாச் சரியாயிருச்சு" என்பார். தானாகச் சரியாகவில்லை. ஏறிய வோல்டேஜ் படலத்தைத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. நாளைக்கு மறுபடி மூடிக்கொள்ளும். ரிலேயின் கவரைக் கழற்றினால் காண்டாக்ட் இரண்டும் கரி பிடித்து, குழி விழுந்து நிற்கும். உப்புத்தாள் போட்டு உரசாதே, மேலே இருக்கும் வெள்ளிக் கலவையை நீயே சுரண்டி எடுத்துவிடுவாய். விசிட்டிங் கார்டில் ஒரு கீற்று வெட்டி, மருந்தில் நனைத்து, காண்டாக்டுக்கு நடுவே வைத்து மெதுவாக இழு. கறுப்பு வராத வரைக்கும் இழு. குழி ஆழமாக இருந்தால் ரிலேயை மாற்றிவிடு. அதற்கு மருந்து கிடையாது.

மூன்றாவது, யாருமே தொடாத டேப் மானிட்டர் ஸ்விட்ச். டெக் எல்லாம் பரணுக்குப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனால் சிக்னல் இன்னும் அந்த ஸ்விட்ச் வழியாகத்தான் போய் வருகிறது. 'ஒரு சேனல் டெட்' என்று வரும் செட்டை ஸ்க்ரூ கழற்றும் முன், அந்தப் பட்டனை இருபது தடவை அமுக்கிப் பார். பாதிக்கு உயிர் வந்துவிடும். அதற்கு நான் ஒருநாளும் காசு வாங்கியதில்லை.

உன் ஊர்க் கதை ஒன்றும் சொல்கிறேன். நான் அங்கே இருந்த காலத்தில் ஒரு வீட்டில் ரெக்கார்ட் முடிந்து ஊசி தூக்கியதும் ஸ்பீக்கரில் ரேடியோ பாடும். அந்த செட்டில் ட்யூனரே இல்லை. வீட்டம்மாள் பயந்து எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார். தூத்துக்குடி வானொலி, 1053 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோவாட், இலங்கைக்குக் கேட்கவென்று வைத்த நிலையம். ஆர்சிஏ கேபிளின் எர்த் பக்கம் பச்சைக் களிம்பு. அதற்கடியில் படியும் செம்பு ஆக்சைடு ஒரு செமிகண்டக்டர். 1920களில் அதை வைத்தே ரெக்டிஃபையர் செய்து விற்றார்கள். அதே வேலையை அந்தக் களிம்பு சும்மா இருந்தபடியே செய்து, நிலையத்தைப் பிடித்து ஆம்ப்ளிஃபையருக்குள் விட்டிருந்தது. நுனியை வெட்டிப் புதுப் பின் சோல்டர் பண்ணினேன், ரேடியோ நின்றுவிட்டது. எலுமிச்சம்பழம் மட்டும் அங்கேயே தொங்கியது.

பாட்டில்களுக்கு வருகிறேன். கலிஃபோர்னியாவின் டிஆக்ஸிட் படலத்தைக் கரைக்கும், ஒரு மெல்லிய பூச்சை விட்டுவிட்டு வரும். ரிலே, ஸ்விட்ச், ஃப்யூஸ் ஹோல்டருக்கு நல்லது. கனடாவின் ஸ்டேபிலன்ட் 22 வேறு ஜாதி. அது சுத்தம் செய்யாது. சுத்தம் செய்த இடத்தில் மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை நிரப்பி உட்கார்ந்துகொள்ளும். ஆல்கஹாலில் கலந்து போட வேண்டும், ஒரு சொட்டு பத்துப் பின்னுக்குக் காணும். அழுக்கின் மேல் போட்டால் அழுக்கோடு சேர்த்துப் பத்திரப்படுத்திவிடும். டபிள்யூடி-40 டப்பாவைக் கண்டதும் எல்லோருக்கும் கை பரபரக்கிறது. அது 1953இல் சான் டியாகோவில் தண்ணீரை விரட்டுவதற்காகச் செய்தது. பெயரிலேயே அது இருக்கிறது, 40 என்பது நாற்பதாவது முயற்சி. கதவுக் கீலுக்கு அடி. வால்யூம் கன்ட்ரோலுக்குள் அடிக்காதே, உள்ளே இருக்கும் கிரீஸைக் கழுவிக்கொண்டு போய்விடும், அப்புறம் குமிழ் வழவழவென்று அநாதையாகச் சுழலும்.

கரகரக்கும் வால்யூமைச் சுத்தம் செய்து அனுப்பி, இரண்டு வாரத்தில் அதே கரகரப்போடு திரும்பி வந்தால், மறுபடி ஸ்ப்ரேயை எடுக்காதே. குமிழின் காலில் டிசி வருகிறதா என்று பார். முன்னால் இருக்கும் கப்ளிங் கெப்பாசிட்டர் கசிந்தால் எவ்வளவு கழுவினாலும் கரகரக்கும்.

வெள்ளி கலந்த பேஸ்ட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. பல வருஷத்துக்கு முன் ஒருவருடைய வால்வு ஆம்ப்ளிஃபையருக்கு, இஎல்34 சாக்கெட் முழுக்க அதைத் தாராளமாகத் தடவினேன். இஎல்34இல் இரண்டாம் கால் ஹீட்டர், மூன்றாம் கால் ஆனோடு. பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆனோடில் 400 வோல்ட் இருந்தது. சூட்டில் பேஸ்ட் இளகி இரண்டுக்கும் நடுவே பாலம் போட்டது. பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சாக்கெட்டில் நீல நிறத்தில் ஒரு கீற்று, அப்புறம் பேக்லைட் கருகும் நாற்றம். சாக்கெட், வால்வு, ஒரு டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் என் கைக்காசில் போனது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. மின்சாரம் கடத்தும் எந்தப் பசையையும் நெருக்கமான கால்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகாதே. ஸ்பீக்கர் டெர்மினலுக்குக்கூட வேண்டாம் என்பேன்.

ஸ்ப்ரே எதுவானாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். அடித்ததும் மூடியைப் போட்டு ஆன் பண்ணாதே, சால்வென்ட் ஆவி தீப்பிடிக்கும். நான் ஒரு டீ குடித்துவிட்டு வருவேன். தங்கமுலாம் பூசிய பின்னை எதைக் கொண்டும் தேய்க்காதே. அந்த முலாம் பெரும்பாலும் ஒரு மைக்ரான்கூட இருக்காது. ஆல்கஹால் தொட்ட துணி போதும்.

பலகையில் என்ன எழுதுவது என்றால், அந்தச் சிவப்பு வரிக்கு மேல் வெள்ளை அடித்துவிட்டு 'இணைப்பு பரிசோதனை' என்று எழுது. 200 ரூபாய் வாங்கு. எல்லாவற்றையும் கழற்றி, துடைத்து, இறுக்கி, மில்லிவோல்ட் பார்த்து ஒரு சீட்டில் எழுதிக் கொடு. மருந்து தேவைப்பட்ட இடத்துக்கு ஒரு சொட்டு போட்டால் அதையும் எழுது. கடலோர வீடுகளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை நீ போகத்தான் வேண்டியிருக்கும்.

24 வோல்ட் ரிலே நாலு, ரிச்சி தெருவில் வாங்கி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் பார்சல் போடுகிறேன், சனிக்கிழமை காலை ஸ்டாண்டில் போய் எடுத்துக்கொள். கூடவே நூல் பிரியாத துணி ஒரு கட்டு இருக்கும். அதில் பாதியை அம்மாவிடம் கொடு, குத்துவிளக்குக்கு ஆகும்.

இப்படிக்கு,
உன் மாமா