தெற்கு லோனாக் ஏரி கற்பிக்கும் பாடம்

சிக்கிம் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 5,200 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது தெற்கு லோனாக் ஏரி. கஞ்சன்ஜங்காவுக்கு வடக்கே, பனி மூடிய சிகரங்கள் இதனைச் சூழ்ந்து நிற்கின்றன. இதன் நீர் தீஸ்தா ஆற்றைச் சென்றடைகிறது.

ஏரி உருவான விதம்

பனியாறு தான் சுமந்துவரும் கல்லையும் மண்ணையும் முகப்பிலும் இருமருங்கிலும் கரைகளாகக் குவிக்கிறது. வெப்பம் மிகுந்து அது பின்வாங்கும்போது, விட்டுச்சென்ற பள்ளத்தில் உருகுநீர் தேங்கி ஏரியாகிறது. இக்கரைகளைப் பிணைத்து நிறுத்துவது அவற்றினுள் உறைந்துள்ள பனியே. அது இளகினால் கரையும் தளரும்.

2023ஆம் ஆண்டுப் பேரிடர்

2023 அக்டோபர் 3ஆம் நாள் இரவு, வடபுறக் கரையிலிருந்து ஏறத்தாழ 1.5 கோடி கனமீட்டர் கல்லும் மண்ணும் ஏரிக்குள் சரிந்தன. அதனால் எழுந்த பேரலை முகப்புக் கரையை உடைத்தது. சுமார் 5 கோடி கனமீட்டர் நீர் வெளியேறியது. 167 ஹெக்டேராக இருந்த ஏரியின் பரப்பு 60 ஹெக்டேராகச் சுருங்கியது. சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் தீஸ்தா மூன்றாம் கட்ட நீர்மின் திட்டத்தின் அணை அடித்துச் செல்லப்பட்டது. இறந்தோரும் காணாமற் போனோரும் நூற்றுக்கு மேற்பட்டோராவர்.

இவ்வபாயம் முன்னரே அறியப்பட்டிருந்தது. 2016இல் குழாய்கள் பதித்து ஏரி நீரின் ஒரு பகுதி வடிக்கப்பட்டது. ஆயினும் நீரைக் குறைப்பது மட்டும் போதுமானதன்று. ஏரியை உடைத்தது அதன் மேலிருந்த சரிவு. ஆதலின், ஏரியின் பரப்பை மட்டுமன்றி, சூழ்ந்துள்ள சரிவுகளின் அசைவையும் தொடர்ந்து அளவிடல் இன்றியமையாததாகும்.

செலவும் காப்பும்

பனியாற்று ஏரி வெள்ள அபாயத்தைத் தணிக்க, சிக்கிம், அருணாசலப் பிரதேசம், இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்டம் ஆகிய நான்கு மாநிலங்களுக்கு ரூ.150 கோடி மதிப்பிலான தேசியத் திட்டம் 2024 ஜூலையில் ஒப்புதல் பெற்றது. தீஸ்தா மூன்றாம் கட்டத் திட்டத்திற்கு மட்டும் செலவான தொகை ஏறத்தாழ ரூ.14,000 கோடி. காப்புக்கான ஒதுக்கீடு இதில் நூற்றில் ஒரு பங்கே எனலாம்.

அவ்வணையைக் கற்காரை அணையாக மீண்டும் கட்டுவதற்கு, சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் வல்லுநர் குழு 2025 ஜனவரியில் பரிந்துரை செய்தது. அணை எத்துணை உறுதியாயினும், ஏரியிலிருந்து எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்து சேராவிடில், மதகுகளைத் திறக்கவோ மக்களை மேட்டு நிலத்திற்கு அனுப்பவோ இயலாது. எனவே, மலையில் அமையும் கண்காணிப்புக் கருவிகளின் செலவை அணையின் மதிப்பீட்டிலேயே சேர்த்துக் கணக்கிடுவதுதான் முறையான திட்டமிடல் ஆகும்.