ஃபர்ம்வேர் ஏற்றியதும் ஊமையான டிஏசி

கேள்வி: என் அப்பா நாகஸ்வரம் வாசித்த பழைய கேசட்டுகளை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து, 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் ஃபைல்களாக மாற்றி வாங்கினேன். அவற்றைக் கேட்பதற்காகவே, டிஜிட்டல் ஃபைலைச் சத்தமாக மாற்றித் தரும் டிஏசி ஒன்று வாங்கினேன். கம்ப்யூட்டர் அறையில், ஆம்ப்ளிஃபயரும் டிஏசியும் ஹாலில். அதனால் 3 மீட்டர் யூஎஸ்பி கேபிளோடு ஒரு எக்ஸ்டென்ஷனும் சேர்த்து இழுத்திருக்கிறேன். சிடியிலிருந்து எடுத்த பாட்டுகள் நன்றாக வந்தன. அப்பாவின் பதிவுகளில் மட்டும் அவ்வப்போது ‘டக்’ என்று ஒரு சத்தம். செட்டிங்ஸில் சில நாள் 192 வரை காட்டும், சில நாள் 96-உடன் நின்றுவிடும். ஃபர்ம்வேர் அப்டேட் செய்தால் சரியாகும் என்றார் நண்பர். செய்தேன்; பாதியில் எரர் வந்து நின்றுவிட்டது. அதிலிருந்து ‘அன்நோன் யூஎஸ்பி டிவைஸ்’ என்கிறது விண்டோஸ். டிவியிலிருந்து ஆப்டிகலில் கொடுத்தால் சத்தம் வருகிறது. டிஏசி போய்விட்டதா ஐயா? அப்பாவின் பதிவுகளே கெட்டுவிட்டனவோ என்பதுதான் எனக்குப் பெரிய பயம்.
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: டிஏசி போகவில்லை என்றே நினைக்கிறேன். அதற்கான சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஆப்டிகலில் சத்தம் வருகிறது என்கிறீர்கள். அந்தப் பெட்டிக்குள் யூஎஸ்பி வழியே வரும் தரவை வாங்கிக்கொள்வது ஒரு சிப். எண்களைச் சத்தமாக மாற்றுவது வேறொரு சிப். இரண்டாவது நன்றாக வேலை செய்கிறது. யூஎஸ்பி வழியாக நாம் ஏற்றும் ஃபர்ம்வேர் பெரும்பாலும் முதல் சிப்புக்கு உரியது. சிக்கல் அந்த வாசலோடு நிற்கிறது.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய இன்னொரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சில நாள் 192, சில நாள் 96. டிஏசியைச் சொருகியதும் அதுவும் கம்ப்யூட்டரும் எந்த வேகத்தில் பேசுவது என்று முதலில் முடிவு செய்துகொள்கின்றன. கேபிள் நன்றாக இருந்தால் விநாடிக்கு 480 மெகாபிட். அந்த முதல் பேச்சே சரியாக அமையாவிட்டால் 12 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். அந்தக் குறைந்த வேகத்தில் ஒரு ஆடியோ ஓடைக்கு ஒரு மில்லி விநாடிக்கு அதிகபட்சம் 1023 பைட்தான் இடம். 24 பிட் ஸ்டீரியோவில் 96 கிலோஹெர்ட்ஸுக்கு 576 பைட் போதும்; 192-க்கு 1152 பைட் வேண்டும். இடம் இல்லை. அதனால்தான் பட்டியல் 96-இல் நின்றது. ஃபர்ம்வேரில் பிழை இருந்தால் அது பெரும்பாலும் தினமும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு நாள் வந்து ஒரு நாள் போவது தொடுப்பு சரியில்லாத கேபிளின் குணம்.

‘டக்’ சத்தமும் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். பென் டிரைவுக்கு ஃபைல் போகும்போது ஒரு பொட்டலம் கெட்டால் கம்ப்யூட்டர் அதைத் திரும்ப அனுப்பும். பாட்டு ஓடும்போது அந்த ஏற்பாடு கிடையாது. நேரம் தவறிய பொட்டலத்தால் பயனில்லை என்பதால் கெட்டது கெட்டதுதான். விநாடிக்கு 8000 பொட்டலங்கள் போகின்றன. 192 கிலோஹெர்ட்ஸில் ஒன்று விழுந்தால் 24 சாம்பிள் காணாமல் போகும். சிடி பாட்டுக்கு ஒவ்வொரு பொட்டலத்திலும் சுமை மிகக் குறைவு. கெட்டுப்போக வாய்ப்பும் அந்த அளவுக்குக் குறைவு.

அதே கேபிள் வழியாகத்தான் நீங்கள் ஃபர்ம்வேரையும் அனுப்பியிருக்கிறீர்கள். ஃபர்ம்வேர் பொட்டலம் கெட்டால் திரும்பப் போகும், உண்மைதான். ஆனால் நடுவில் தொடர்பே அறுந்தால் அப்டேட் அரைகுறையாக நின்றுவிடும். உங்களுக்கு நடந்தது இதுதான் என்பது என் கணிப்பு.

சில மாதங்களுக்கு முன் இதே குறையோடு ஒரு டிஏசி என் மேசைக்கு வந்தது. கேபிளின் சதுர முனையைச் சொருகிவிட்டு விரலால் மெல்ல மேலும் கீழும் அசைத்தேன். அசைக்க அசைக்கக் கம்ப்யூட்டர், சாதனம் போனதற்கும் வந்ததற்குமான ஒலிகளை மாறி மாறி எழுப்பியது. முனையின் உலோகக் கூடு ஒரு பக்கம் விரிந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே டிஏசியைக் கழற்றி, தனி அடாப்டர் இருந்தால் அதையும் பிடுங்கி, பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு டிஏசியைக் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே கொண்டுபோய் வையுங்கள். எக்ஸ்டென்ஷன் வேண்டாம், ஹப் வேண்டாம், கேபினெட்டின் முன்பக்க போர்ட்டும் வேண்டாம். பின்னால் மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் சொருகுங்கள். கேபிளுக்கு வீட்டில் பிரிண்டர் இருந்தால் அதன் கேபிளே போதும். சதுர முனைதான், தரவுக் கம்பிகளும் நிச்சயம் இருக்கும். ஆயிரக்கணக்கில் விலை சொல்லி ‘ஆடியோ கேபிள்’ விற்பார்கள். நல்ல பிரிண்டர் கேபிள் செய்யாத எதையும் அது இங்கே செய்யப்போவதில்லை. அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

அதோடு கைபேசியிலும் ஒருமுறை சோதியுங்கள். ஓடிஜி அடாப்டர் வழியாக டிஏசியைச் சொருகி ஏதாவது ஒரு பாட்டைப் போடுங்கள். ஆண்ட்ராய்டு போனுக்குத் தனி டிரைவர் வேண்டியதில்லை. சத்தம் வந்துவிட்டால் பெட்டி முழுதாக உயிரோடு இருக்கிறது. மீதிக் குழப்பம் விண்டோஸில்.

அப்படியானால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ‘வியூ’ மெனுவில் மறைந்திருக்கும் சாதனங்களையும் காட்டச் சொல்லுங்கள். டிஏசியின் பெயரில் மங்கலாகத் தெரியும் பழைய பதிவுகள் எத்தனை இருந்தாலும் அத்தனையையும் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பழைய டிரைவரையும் நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, பிறகு சொருகுங்கள். புது ஃபர்ம்வேருக்குப் பழைய டிரைவர் ஒத்துப்போகாமல் முரண்டு பிடிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து இந்த வகை டிஏசிகளுக்கான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. தயாரிப்பாளரின் டிரைவர் இல்லாமலேயே பெரும்பாலும் சத்தம் வந்துவிடும்.

கைபேசியிலும் வரவில்லை என்றால்தான் ஃபர்ம்வேரை மறுபடி தொட வேண்டும். டிஏசியின் அடிப்பக்க ஸ்டிக்கரில் மாடல் பெயரோடு ஹார்டுவேர் பதிப்பும் இருக்கிறதா பாருங்கள். ஒரே பெயரில் உள்ளே வேறு யூஎஸ்பி சிப்போடு வந்த பெட்டிகள் உண்டு. ஒன்றின் ஃபர்ம்வேரை இன்னொன்றில் ஏற்றக்கூடாது. கரண்ட் போனாலும் நிற்காதபடி பேட்டரி நிறைந்த லேப்டாப்பில் செய்யுங்கள். டிஏசியின் அடாப்டரை யூபிஎஸ்ஸில் போடுங்கள். ஸ்லீப் மோடை அணைத்துவிடுங்கள். முடிந்தது என்று திரையில் வரும்வரை கேபிளில் கை வைக்காதீர்கள். பல டிஏசிகளில் இருக்கும் எக்ஸ்மோஸ் சிப்பில், தொழிற்சாலையில் எழுதிய மூல ஃபர்ம்வேரையும் நாம் ஏற்றும் அப்டேட்டையும் தனித்தனி இடத்தில் வைக்க வழி இருக்கிறது. அப்டேட் அரைகுறையாக இருந்தால் மூலத்தைக் கொண்டே எழுந்துகொள்ளும். அதுவும் இல்லாத பெட்டி என்றால் சர்வீஸுக்கு அனுப்புங்கள். உள்ளே சர்க்யூட் போர்டில் நேரடியாகத் தொடுத்து அவர்களால் எழுத முடியும்.

டிவைஸ் மேனேஜரில் டிஏசியின் ‘ஹார்டுவேர் ஐடி’யைப் பார்த்தால் ‘ரெவ்’ என்று ஒரு எண் இருக்கும். பெரும்பாலும் அதுதான் இப்போது ஓடும் ஃபர்ம்வேரின் பதிப்பு. குறித்து வையுங்கள். தயாரிப்பாளரின் குறிப்பில் உங்கள் கோளாறைப் பெயர் சொல்லிச் சரிசெய்ததாக எழுதியிருந்தால் ஒழிய, இனி ஃபர்ம்வேரை மாற்ற வேண்டாம். கரகரப்புக்கு அதை முதல் மருந்தாகக் கொடுப்பதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

எல்லாம் சரியானபின் டிஏசியைக் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே விட்டுவிட்டு, அங்கிருந்து ஹாலுக்கு ஆர்சிஏ கேபிளை இழுங்கள். ஐந்து மீட்டர் யூஎஸ்பி 2.0-க்கு எல்லைக்கோடு, ஆர்சிஏவுக்கு அது பெரிய தூரம் இல்லை. இழுத்தபின் ‘ம்ம்ம்’ என்று உறுமல் கேட்டால் எர்த் இரண்டு வழியாகச் சுற்றுகிறது என்று பொருள். கம்ப்யூட்டரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். யார் சொன்னாலும் எர்த் பின்னை மட்டும் ஒடிக்காதீர்கள், அது உயிர் சம்பந்தப்பட்டது.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஒரு பதிவை எடுத்து ஹெட்போனில், டிஏசி இல்லாமல் கம்ப்யூட்டரிலேயே கேளுங்கள். ‘டக்’ வரும் இடத்தை நிமிடம், விநாடியோடு தாளில் எழுதுங்கள். இன்னும் இரண்டு முறை கேட்டு, கைபேசியிலும் ஒருமுறை கேளுங்கள். ஒவ்வொரு முறையும் அதே விநாடியில் வந்தால் சத்தம் ஃபைலில் இருக்கிறது; இடம் மாறினாலோ வராமலே போனாலோ ஃபைல் சுத்தம். ஃபைலிலேயே இருந்தாலும் கேசட் கையில் இருக்கும்வரை மறுபடி மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாமல், ஈரமும் காந்தமும் அண்டாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். ஸ்பீக்கர் மேல் மட்டும் வேண்டாம்.