தேனீயின் ஆட்டத்தைப் படிப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பூவைக் கண்டுவந்த பணித்தேனீ கூட்டுக்குத் திரும்பியதும் அடையின்மேல் ஆடுகிறது. இரை எந்தத் திக்கில், எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று மற்றவற்றுக்குச் சொல்லும் ஆட்டம் அது. 1940களில் இதன் பொருளைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரிய விலங்கியலாளர் கார்ல் ஃபான் ஃபிரிஷ். 1973-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. விலங்குகளின் பேச்சில் பெரும்பாலானவற்றுக்கு நாம் ஊகமாகத்தான் பொருள் சொல்கிறோம். இதை மட்டும் பள்ளிக்கூடத்துக் கோணமானியை வைத்தே அளந்துவிடலாம்.

படி 1: பெட்டிக்கு முன் கொம்புத்தேனீ

ஆர்வத்தில் உடனே தேன்பெட்டி வாங்க ஓடாதீர்கள். வேலிப் புதரில், சிறு கொப்பைச் சுற்றி உள்ளங்கை அகலத்தில் ஒற்றை அடை கட்டும் கொம்புத்தேனீதான் நல்ல முதல் ஆசிரியர். கொப்புக்கு மேலே அந்த அடை தடித்து, மேடைபோல் படுக்கையாக இருக்கும். ஆட்டம் அங்கேதான் நடக்கும். உடலை ஆட்டிக்கொண்டு தேனீ எந்தப் பக்கம் ஓடுகிறதோ, இரை அந்தப் பக்கமே இருக்கிறது. கணக்குப் போட வேண்டியதில்லை. ஃபிரிஷின் மாணவர் மார்ட்டின் லிண்டவர் 1950களில் இலங்கைக்கு வந்து ஆராய்ந்தது இதைத்தான்.

கிளையை அசைக்காமல் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். மலைத்தேனீயிடம் மட்டும் இந்த வேலை வேண்டாம். பாறையிலோ உயர்ந்த மரத்திலோ அது கூடு வைத்திருந்தால் தூர விலகிவிடுவதே புத்தி.

படி 2: இருட்டில் ஆடும் அடுக்குத் தேனீ

மரப்பொந்திலும் பெட்டியிலும் வாழும் அடுக்குத் தேனீ இருட்டில், செங்குத்தான அடையில் ஆடுகிறது. அடை உள்ள சட்டத்தை வெளியே தூக்கினால் தேனீக்கள் கலைந்து ஓடும். வானம் தெரிந்தால் ஆட்டத்தின் கோணமும் மாறிப்போகும். ஆகவே ஒற்றைச் சட்டம் கொள்ளும் கண்ணாடிப் பெட்டி தேவை. தேன்பெட்டி செய்யும் தச்சரிடம் சொன்னால் செய்து தருவார். அதை நிழலில் வைத்து, துணியால் மூடி, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிப் பாருங்கள். தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு புலப்படாது.

கண்ணாடியின் ஓரத்தில் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். பின்னால் எடுக்கப்போகும் படத்தில் ‘நேர் மேல்’ எது என்பதை அந்த நூல்தான் சொல்லும்.

படி 3: ஆடுகிறவளைப் பிடிப்பது

வாசலுக்கு அருகில் உள்ள அடைப்பகுதியில் தேடுங்கள். ஒருத்தி நேராகச் சிறிது தூரம் வயிற்றைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு ஓடுவாள். பின் வலப்பக்கம் வளைந்து தொடங்கிய இடத்துக்கே வருவாள்; மறுபடி ஓட்டம்; இம்முறை இடப்பக்கம் வளைவு. நாலைந்து பேர் உணர்கொம்பால் அவளைத் தொட்டபடி பின்தொடர்வார்கள். இருட்டில் அவர்களுக்குத் தொடுகையும் அதிர்வும்தான் செய்தி. அந்த நேர் ஓட்டம் மட்டுமே நமக்கு வேண்டும். கண்ணால் அளக்க முடியாத வேகம் என்பதால் கைபேசியில் ஸ்லோமோஷனில் எடுத்துவிடுங்கள்.

படி 4: திசை

விதி ஒன்றுதான்: அடையில் ‘மேலே’ என்றால் வெளியே ‘சூரியன் இருக்கும் திக்கு’. நேர் மேலே ஓடினால் சூரியனை நோக்கிப் பற. நேர் கீழே ஓடினால் சூரியனுக்கு முதுகு காட்டிப் பற. இடையில் எத்தனை பாகை சாய்வோ, சூரியனிலிருந்து அத்தனை பாகை விலகல்.

சித்திரை மாதக் காலை 9 மணி, சூரியன் ஏறக்குறைய நேர்கிழக்கில். தேனீ மேலிருந்து வலப்பக்கம் 90 பாகை சாய்ந்து ஓடுகிறது. கிழக்கே பார்த்து நின்றால் வலக்கை தெற்கு, பூ தெற்கே. மாலை 4 மணிக்கு அதே பூவுக்கு அதே தேனீ இடப்பக்கம் 90 பாகையில் ஆடும், ஏனென்றால் சூரியன் மேற்குக்குப் போய்விட்டது. இந்த மாற்றத்தை ஒரே நாளில் பார்த்துவிட்டால் விதி மனதில் நின்றுவிடும். நடுப்பகலைத் தவிர்த்துவிடுங்கள். நம் பக்கத்தில் உச்சிவெயில் தலைக்கு நேரே நிற்கும்போது அது எந்தத் திக்கில் இருக்கிறது என்றே சொல்ல முடியாது.

படி 5: தொலைவு

நேர் ஓட்டம் எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ அவ்வளவு தூரம். ஐரோப்பியத் தேனீக்கு ஏறத்தாழ ஒரு நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்பார்கள். அந்தக் கணக்கை அப்படியே நம் பெட்டிக்குப் போடக்கூடாது. தென்னிந்தியாவில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வொன்று, அதிகத் தூரம் போகாத அடுக்குத் தேனீ அதே தூரத்துக்கு மலைத்தேனீயைவிட நீளமாக ஆடுகிறது என்று காட்டியது. ஊருக்கு ஊர் பேச்சு மாறுவதுபோல.

எனவே அளவுகோலை நீங்களே செய்துகொள்ளுங்கள். சர்க்கரைப்பாகுத் தட்டை முதலில் வாசலருகே வையுங்கள். எறும்பு ஏறாதபடி, ஸ்டூலின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். வந்து குடிப்பவற்றின் முதுகில் பெயின்ட் பொட்டு வைத்து, தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக 50, 100, 200 மீட்டர் என்று நகர்த்துங்கள். ஒவ்வோர் இடத்திலும் பொட்டு வைத்தவளின் ஓட்டம் எத்தனை நொடி என்று குறித்தால் உங்கள் பெட்டிக்கான அட்டவணை தயார்.

படி 6: கணக்கு ஏன் பிசகுகிறது?

ஒரே ஓட்டத்தை நம்பாதீர்கள். கிட்டத்து இரைக்கு ஆடும்போது கோணம் ஓட்டத்துக்கு ஓட்டம் நன்றாகவே சிதறும். பல ஓட்டங்களின் சராசரியை எடுங்கள். இன்னொன்று: தேனீ அளப்பது மீட்டரை அன்று, கண்ணைக் கடந்து ஓடும் காட்சியை. ஆஸ்திரேலியாவில் ஆய்வு செய்த மாண்டயம் ஸ்ரீநிவாசனின் குழு, உட்சுவரில் கோலங்கள் ஒட்டிய 6 மீட்டர்க் குறுகிய சுரங்கம் வழியே தேனீக்களைப் பறக்கவிட்டது. திரும்பி வந்தவை ஏறக்குறைய 200 மீட்டர் பறந்ததாக ஆடின. சந்துக்குள்ளும் செடிகளுக்கு இடையிலும் தட்டை வைத்தால் உங்கள் அட்டவணையும் இப்படி ஊதிப்போகும்.

படி 7: கூட்டம் பிரியும்போது

இது தேர்ந்தபின் செய்ய வேண்டியது. பிரிந்த கூட்டம் கிளையில் கொத்தாகத் தொங்கும்போது அதன் மேற்பரப்பிலும் ஆட்டம் நடக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய மியூனிக்கில் இப்படி ஆடியவை மீது லிண்டவர் புகைக்கரியையும் செங்கல் பொடியையும் பார்த்தார். அவை பூவுக்குப் போனவை அல்ல, இடிபாடுகளில் வீடு பார்த்து வந்தவை. தொடக்கத்தில் ஆளுக்கொரு திசை சொல்வார்கள். நேரமாக ஆக, ஆட்டங்கள் ஒரே இடத்தை நோக்கிக் குவியும். அப்படிக் குவிந்ததும் கோணத்தையும் நொடியையும் குறித்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள். லிண்டவரைப்போலக் கூட்டத்துக்கு முன்பே புது வீட்டு வாசலில் போய் நிற்க வாய்ப்புண்டு.