ஐந்து ரூபாய் பாக்கெட்டின் பின்பக்கம்

கடந்த ஆண்டு ஜூலையில் சுற்றுச்சூழல் மன்றத்தின் தூய்மைப் பணிக்காக எங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளி வளாகத்தையும் வாசலை ஒட்டிய சாலையோரத்தையும் கூட்டினார்கள். குப்பையைத் தரம் பிரித்தபோது காய்ந்த இலை ஒரு கூடை தேறியது. பளபளக்கும் பிளாஸ்டிக் உறைகளோ இரண்டு சாக்கு. மசாலா வளையம், சிப்ஸ், ஜெல்லி, கிரீம் பிஸ்கட், மாம்பழப் பானம். பெரும்பாலும் ஐந்து ரூபாய் பாக்கெட்டுகள்.

அன்று மதியம் சத்துணவுக் கூடத்தின் பின்னால் இருந்த கழிவு வாளியை எட்டிப் பார்த்தேன். முக்கால் வாளி சாதம். முட்டையை மட்டும் தின்றுவிட்டுச் சோற்றைக் கொட்டியிருக்கிறார்கள். “இன்டர்வெல்லுல ஒரு பாக்கெட்டத் தின்னுட்டு வர்ற புள்ளைக்கு மத்தியானம் எப்படி டீச்சர் பசிக்கும்?” என்று சமையலர் அக்கா கேட்டார்.

திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் உள்ள நடுநிலைப் பள்ளி எங்களுடையது. ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கிறேன். “நொறுக்குத் தீனி உடம்புக்கு நல்லதில்லை” என்று நானும் பதினாறு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். “சரிங்க டீச்சர்” என்று பிள்ளைகளும் பதினாறு ஆண்டுகளாகச் சொல்கிறார்கள். மணி அடித்ததும் கடைக்கு ஓடுகிறார்கள். இந்த முறை அறிவுரையை விட்டுவிட்டு அந்த உறைகளையே பாடப்பொருள் ஆக்கினேன். சோப்பு நீரில் கழுவிக் காயவைத்து, குழுவுக்கு ஆறு உறை என்று பிரித்துக் கொடுத்தேன். மூன்று நாள் பாடம். அதில் ஒரு தவறும் செய்தேன். அதைச் சொல்லத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

முதல் நாள், ‘பதப்படுத்திய உணவு’ என்றால் என்ன என்பதில் தொடங்கினோம். பதப்படுத்தியதெல்லாம் கெட்டது என்று கரும்பலகையில் எழுதிவிட்டால் அடுத்த நிமிடமே பாடம் கவிழ்ந்துவிடும். “அப்ப எங்க வீட்டு வடகம்?” என்று ஒரு பையன் கேட்டே விட்டான். நெல்லை அவித்துப் புழுங்கலாக்குவது, மாவைப் புளிக்கவைப்பது, மாங்காயை உப்பில் போடுவது, கருவாடு காயவைப்பது எல்லாமே பதப்படுத்தல்தான். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் தீட்டிய பிறகும் பச்சரிசியைவிடப் புழுங்கலில் அது அதிகம் மிஞ்சுகிறது. பதப்படுத்தலால் நன்மை விளைந்த கதை இது. கோதுமையின் தவிட்டையும் முளையையும் நீக்கி மைதாவாக்கும்போது நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் பெருமளவு போய்விடுகின்றன. அது எதிர்க்கதை.

பிரேசில் நாட்டின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்லோஸ் மொண்டெய்ரோ 2009-இல் முன்வைத்த கருத்திலிருந்து வளர்ந்த ‘நோவா’ என்ற பகுப்பு இங்கே கைகொடுத்தது. உணவை அதிலுள்ள சத்தைக் கொண்டு பிரிக்காமல், எந்த அளவுக்கு, எதற்காகப் பதப்படுத்தப்பட்டது என்பதை வைத்து நான்காகப் பிரிக்கிறது அது. எங்கள் ஊரில் விளையும் மல்லாட்டையை வைத்தே விளக்கினேன் (நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்). செடியிலிருந்து பறித்த கொட்டை முதல் வகை. அதைச் செக்கில் ஆட்டிய எண்ணெய் இரண்டாம் வகை. உப்புக் கடலையும், வெல்லப் பாகில் போட்ட கடலை மிட்டாயும் மூன்றாம் வகை. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொன்னபோது வகுப்பில் கைதட்டல். மாவும் ஸ்டார்ச்சும் சுவையூட்டியும் நிறமூட்டியும் பூசி ஆலையில் பொரித்து உறையிலிட்டு வரும் மசாலாக் கடலை நான்காம் வகை. இதைத்தான் மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவு என்கிறார்கள். வீட்டு அடுப்படியில் இருக்கவே இருக்காத பொருள்கள் உறையின் பட்டியலில் இருந்தால் அது அநேகமாக நான்காம் வகை. பிள்ளைகளுக்கு இந்த ஒரு விதி போதும்.

இரண்டாம் நாள் உறையின் பின்பக்கம். எழுத்து கடுகளவு, அதுவும் ஆங்கிலத்தில். அறிவியல் பெட்டியிலிருந்த கைலென்சுகளை எடுத்துக் கொடுத்தோம். ஆங்கில ஆசிரியரும் வந்து உட்கார்ந்துகொண்டார். உட்பொருள்களை எடையின் இறங்கு வரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பது சட்டம். இதைச் சொன்னதும் வகுப்பே துப்பறியும் நிலையம் ஆகிவிட்டது. முகப்பில் பெரிய மாம்பழப் படம் போட்ட பானத்தில் முதலில் தண்ணீர். கிரீம் பிஸ்கட்டில் முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, அதற்கடுத்து பாமாயில். பாமாயிலின் கொழுப்பில் ஏறத்தாழப் பாதி, நிறைவுற்ற கொழுப்பு. சர்க்கரை ஓரிடத்தில் சர்க்கரையாகவும், இன்னோரிடத்தில் குளுக்கோஸ் சிரப்பாகவும், மற்றோரிடத்தில் இன்வர்ட் சிரப்பாகவும் வேடம் மாற்றி வருவதைப் பெண்கள் குழு ஒன்று கண்டுபிடித்தது.

எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எண்ணைக் கண்டாலே விஷம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். 330 என்பது எலுமிச்சையிலும் உள்ள சிட்ரிக் அமிலம். 300 என்பது வைட்டமின் சி. மறுபக்கம், 102, 110 ஆகியவை டார்ட்ராசின், சன்செட் எல்லோ என்னும் செயற்கை நிறங்கள். இங்கே அளவோடு அனுமதிக்கப்பட்டவைதான். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் இவற்றைச் சேர்த்த உணவின் உறையில், பிள்ளைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கை 2010 முதல் கட்டாயம். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் தடை செய்யப்பட்டது வேறு கதை. அதில் இருந்த ரோடமின்-பி, உணவில் சேர்க்கவே அனுமதி இல்லாத சாயம். அனுமதித்த பொருள், அனுமதிக்காத பொருள், அனுமதித்தும் அளவு மீறக்கூடாத பொருள் என்ற வேறுபாடு புரிந்துவிட்டால், வாட்ஸ்அப்பில் வரும் பாதி பீதிக்குப் பிள்ளைகளே பதில் சொல்லிவிடுவார்கள்.

பிறகு கணக்கு. ஒரு நூடுல்ஸ் உறையில் ‘100 கிராமில் சோடியம் 1200 மில்லிகிராம்’ என்றிருந்தது. பாக்கெட்டோ 70 கிராம். விகிதம் போட்டால் 840 மில்லிகிராம். சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. ஆக 2.1 கிராம். பெரியவர்களுக்கே ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 2.1 கிராமை எடைபோட்டுக் கறுப்புத் தாளில் குவித்து வைத்தோம். “இது எங்க வீட்டு ரசத்துக்கே காணும் டீச்சர்” என்றாள் ஒருத்தி. மாம்பழப் பானத்தில் 100 மில்லிக்கு 13 கிராம் சர்க்கரை. 160 மில்லிப் பெட்டிக்கு 20.8 கிராம், அதாவது நான்கு தேக்கரண்டிக்கும் சற்று அதிகம். நாளொன்றுக்கு 2000 கிலோ கலோரி உண்பவருக்கு, சேர்க்கும் சர்க்கரையும் சாறுகளில் வரும் சர்க்கரையும் சேர்ந்து 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் இருப்பது நல்லது. கரும்பலகையில் பிள்ளைகளே கழித்துப் பார்த்துக்கொண்டார்கள். நான் ஒரு வார்த்தை அறிவுரை சொல்லவில்லை.

“ஊறுகாயில எவ்வளவு டீச்சர்?” என்று கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. நம் நாட்டில் உப்பின் பெரும்பகுதி இன்னும் வீட்டுச் சமையலிலிருந்துதான் உடம்புக்குள் போகிறது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடும் நானே மோர் சாதத்துக்கு ஊறுகாய் தேடுகிறவள்தான். அதை வகுப்பில் ஒப்புக்கொண்டேன். அடுத்த கேள்வி இன்னும் கூர்மை: “போட்டியில ஜெயிச்சா நீங்க குடுக்கிறது கிரீம் பிஸ்கட்தானே?” ஆமாம். இப்போது பென்சில் கொடுக்கிறேன்.

இந்த உணவுகளால் என்னதான் ஆகிறது? சர்க்கரை பல்லில் ஒட்டிச் சொத்தையாக்குவதையும், உப்பு ரத்த அழுத்தத்தை ஏற்றுவதையும் பாடநூலோடு சேர்த்தே சொல்லலாம். வனஸ்பதியிலும் அதில் செய்த பண்டங்களிலும் வந்த டிரான்ஸ் கொழுப்பு, கெட்ட கொலஸ்டிராலைக் கூட்டி நல்லதைக் குறைக்கும். அதனால்தான் எண்ணெய், கொழுப்பு வகைகளில் அது 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் வரம்பு. ஆனால் சத்துக் கணக்குக்கு அப்பாலும் ஏதோ இருக்கிறது என்று காட்டியது, அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வு. இருபது பேரை நான்கு வாரம் தங்கவைத்து, இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் அப்படியல்லாத உணவும் கொடுத்தார்கள். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். வேண்டுமட்டும் சாப்பிடலாம். முதல் வகை உணவின்போது சராசரியாக நாளுக்குச் சுமார் 500 கிலோ கலோரி அதிகம் தின்று, இரண்டே வாரத்தில் ஏறத்தாழ 0.9 கிலோ கூடினார்கள். மற்ற உணவின்போது அதே அளவு குறைந்தார்கள். சிறிய ஆய்வுதான், குறுகிய காலம்தான். என்றாலும் அவர்கள் அந்த உணவை வேகமாகத் தின்றார்கள் என்ற தகவல் வகுப்பறைக்கு உகந்தது. கடலை ஒத்துக்கொள்ளாதவர் யாரும் இல்லை என்று முதலில் கேட்டு உறுதிசெய்துகொண்டு (தயவுசெய்து இதைத் தவறவிடாதீர்கள்), இரண்டு மாணவர்களுக்குப் பத்துப் பத்து கிராம் கொடுத்தோம். ஒருவனுக்கு அவித்த மல்லாட்டை, இன்னொருவனுக்கு மசாலா வளையம். வளையம் தின்றவன் முடித்துவிட்டு விரலைச் சப்பிக்கொண்டிருந்தான். மற்றவன் இன்னும் மென்றுகொண்டிருந்தான். வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேர நேரம் வேண்டும், அந்த நேரத்தை வளையம் கொடுப்பதில்லை என்று இதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் நாள்தான் என் தவறு. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. கணிதத்தோடு இணைத்தால் நன்றாயிருக்குமே என்று, பள்ளியின் வரைபடத்தில் 1 செ.மீ.க்கு 5 மீட்டர் அளவில் பத்து செ.மீ. ஆரமுள்ள வட்டம் போடச் சொன்னேன். வட்டத்துக்குள் ஒரே ஒரு கடை விழுந்தது. “ஒங்க ஆயா கடைய மூடிடுவாங்க!” என்று ஒரு பையன் கத்தினான். இரண்டாம் பெஞ்சில் ஒரு பெண் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். மறுநாள் அவள் வரவில்லை.

அது யாருடைய கடை என்று எனக்குத் தெரியும். பாட ஆர்வத்தில் மறந்துவிட்டேன். சாயங்காலம் அந்தக் கடைக்குப் போனேன். “நாம வெசம் விக்கிறோமா ஆயான்னு கேட்டு அழுவுது டீச்சரம்மா” என்றார் அந்த அம்மா. மன்னிப்புக் கேட்டேன். உட்காரச் சொல்லி, தன் கணக்கைச் சொன்னார். ஒரு பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய்கூட நிற்காது. ஆனால் ஏஜென்ட் சரம் சரமாக மாட்டிவிட்டுப் போகிறான், விற்ற பிறகு காசு கொடுத்தால் போதும். “அவிச்ச மல்லாட்ட விக்கலன்னா சாயங்காலம் கொழகொழன்னு ஆயிடும். இது மாசக்கணக்குல கெடாது.” ஈரப்பதம் குறைத்து, நைட்ரஜன் அடைத்து, கெடாமல் காக்கும் பொருள்கள் சேர்த்து வருகிற உணவு, பிள்ளையின் நாக்குக்கு முன்பே ஏழைக் கடைக்காரருக்கு வசதியாகிவிடுகிறது. எந்தப் பாடநூலிலும் நான் இதைப் படித்ததில்லை.

கிளம்பும்போது இன்னொன்று சொன்னார். “காலையில ஒண்ணும் துன்னாம வருதுங்க டீச்சரம்மா. உங்க மணி அடிச்சா பசியில ஓடியாருதுங்க.”

மறுநாள் பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லித் துண்டுத் தாள்களைக் கொடுத்து, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதச் சொன்னேன். 31 பேரில் 14 பேர் ‘ஒன்றுமில்லை’ அல்லது ‘டீ’. எங்கள் பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரை முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் பிள்ளைகள் பொங்கலோ உப்புமாவோ சாப்பிடும்போது, ஆறாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்கள் தாழ்வாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மாக்கள் விடிவதற்குள் களையெடுப்புக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஐந்து ரூபாய் பாக்கெட் நொறுக்குத் தீனி இல்லை, காலைச் சாப்பாடு. நான் சோடியம் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைப் பேசினோம். பழைய சோறோ கேழ்வரகுக் கூழோ எது இருந்தாலும் டப்பாவில் கொடுத்துவிடுங்கள், வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன் கால்மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட இடம் தருகிறோம் என்றோம். கூழ் கொண்டுவர முதலில் வெட்கப்பட்டார்கள். நானும் ஆங்கில ஆசிரியரும் எங்கள் டப்பாக்களோடு அங்கே உட்கார்ந்த பிறகு கொஞ்சம் சரியாயிற்று. 14 பேரில் எட்டுப் பேர் இப்போது ஏதாவது கொண்டுவருகிறார்கள். மற்ற ஆறு பேர் வீட்டில் கொடுத்துவிட ஆளில்லை. ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கும் காலை உணவு வேண்டும் என்று குழுவில் தீர்மானம் எழுதி அனுப்பியிருக்கிறோம்.

கடை இருக்கிறது. சரங்கள் வாசல் பக்கத்திலிருந்து உள் சுவருக்குப் போயிருக்கின்றன, முற்றிலும் போய்விடவில்லை. மல்லாட்டைப் பருவத்தில் இடைவேளைக்கு மட்டும் ஒரு படி அவித்து வைக்கிறார், அளவாக வைப்பதால் மிஞ்சுவதில்லை. பருவம் இல்லாதபோது கொய்யாவும், சுண்டலும். பேத்தி ஓர் அட்டையில் ‘உட்பொருள்: மல்லாட்டை, தண்ணீர், உப்பு’ என்று இறங்கு வரிசை தவறாமல் எழுதிக் கட்டியிருக்கிறாள். சத்துணவுக் கழிவு வாளி சில நாள் கால் வாளி, சில நாள் பழையபடி பாதி.

இந்த ஆண்டும் அதே பாடத்தை எடுக்கப்போகிறேன். வட்டம் போடும் வேலையை எடுத்துவிட்டேன். துண்டுத் தாளில் காலைச் சாப்பாட்டைக் கேட்பதுதான் முதல் நாள். இரண்டாம் நாள், கடைக்கார ஆயா வகுப்புக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார், ஒரு நாள் வியாபாரக் கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்ல. உறைகள் மூன்றாம் நாள்தான்.