கருவறையில் தொடங்கும் சமயக் கல்வி

ஆலயத்திலே மூலமூர்த்தி எழுந்தருளியிருக்கும் இடத்தைக் கருவறை என்பர். தாயின் வயிற்றிலே சிசு வளரும் இடமும் கருவறையே. மூலஸ்தானத்தின் முன்னே உரத்த பேச்சும் சண்டையும் கூடாதென்பதை யாவரும் அறிவர். கர்ப்பிணித் தாய் வாழும் வீட்டிற்கும் அந்த ஒழுங்கு வேண்டும்.

பிள்ளையின் சமய வாழ்வு பிறப்பதற்கு முன்னரே தொடங்குகின்றது என்பது இந்து சமயக் கொள்கையாகும். பதினாறு சம்ஸ்காரங்களுள் கர்ப்பாதானம், பும்சவனம், சீமந்தம் ஆகிய மூன்றும் குழந்தை பிறக்குமுன் செய்யப்படுபவை.

பாகவத புராணத்தின் ஏழாம் ஸ்கந்தத்திலே பிரகலாதன் வரலாறு வருகின்றது. இரணியகசிபு தவஞ்செய்யச் சென்றிருந்த வேளையில், கர்ப்பிணியாயிருந்த அவன் மனைவி கயாதுவை இந்திரன் சிறைபிடித்தான். அழுது கொண்டிருந்த அவளை நாரத முனிவர் விடுவித்துத் தமது ஆச்சிரமத்திற்கு அழைத்துச் சென்றார். கணவன் திரும்பும் வரை அச்சமின்றி அங்கே இருக்கலாம் என்று தேற்றினார். ஆச்சிரமத்தில் இருந்த காலத்தில் அவளுக்குத் தர்மத்தையும் ஞானத்தையும் உபதேசித்தார். காலஞ்செல்லத் தாய் அதனை மறந்தாள். வயிற்றிலிருந்த பிள்ளை மறக்கவில்லை. முதலில் அபயம், பின்னர் உபதேசம் என்னும் வரிசையே இவ்வரலாற்றில் கவனிக்கத்தக்கது.

இன்றைய ஆய்வுகளும் இதனோடு ஒத்துச் செல்கின்றன. ஏறக்குறைய ஆறாம் மாதமளவில் சிசுவின் செவி ஒலிகளை உணரத் தொடங்குகின்றது. பிறந்து மூன்று நாட்கள் நிறையாத குழந்தைகள் அந்நியப் பெண்ணின் குரலைவிடத் தாயின் குரலையே விரும்பிக் கேட்பதை, 1980ஆம் ஆண்டு அமெரிக்காவில் டிகாஸ்பர், பைபர் ஆகிய இருவரும் கண்டறிந்தனர். 1986இல் வெளியான மற்றோர் ஆய்விலே, கர்ப்பிணிகள் கடைசி ஆறு வாரங்களாக நாள்தோறும் ஒரே கதையை உரத்து வாசித்தனர். பிறந்தபின் அக்குழந்தைகள் புதிய கதையைவிட அந்தக் கதையையே நாடின.

சிசுவுக்குப் பொருள் விளங்காது. குரலும் சந்தமுமே அதன் நினைவில் பதிகின்றன. ஆகவே பதிகம் ஓதினால் பிள்ளை மேதையாகும் என்று எதிர்பார்ப்பது சரியன்று. வயிற்றின்மேல் ஒலிக்கருவி வைத்துச் சத்தமாகப் பாட்டுப் போடவும் தேவையில்லை. தாய் தன் குரலில் மெதுவாக ஓதுவதே போதும். பிறந்தபின் அதனையே தாலாட்டாகப் பாடினால், முன்பே பழகிய ஓசையாகக் குழந்தை அதனைக் கேட்கும்.

ஆயின் இப்பொறுப்பு தாய்க்கு மட்டும் உரியதன்று. நெடுநாள் நீடிக்கும் கடும் மனவுளைச்சல், காலத்துக்கு முந்திய பிரசவத்தோடும் நிறை குறைந்த பிறப்போடும் தொடர்புடையது என்று மருத்துவம் கூறுகின்றது. குடித்துவிட்டு வந்து சண்டையிடும் கணவனும், ஆண்பிள்ளைதான் வேண்டும் என்று குத்திப்பேசும் உறவினரும் உள்ள வீட்டில், தாய் எத்தனை பதிகம் ஓதியும் மனம் அமைதி கொள்ளாது. மாலையில் விளக்கேற்றியதும் கணவன் அருகிருந்து உடன் ஓதுவதும், மாமியார் ஒரு புராணக் கதை சொல்வதும் நாரதர் அளித்த அபயத்துக்கு ஒப்பானவை.

விரதம் பற்றியும் ஒன்று கூறவேண்டும். கந்தசஷ்டி போன்ற நாட்களில் கர்ப்பிணிகள் உணவை முற்றாக விடலாகாது. விரதத்தைக் காரணங்காட்டி கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையையும் திரிபோஷாவையும் நிறுத்துவது பக்தியாகாது. கருவிலுள்ள உயிரைப் பேணுவதும் வழிபாடே. ஐயமிருப்பின் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டு நடத்தல் நன்று.

ஆலயக் கருவறையைப் பேணுவது போலத் தாயின் கருவறையையும் பேணுவோமாக. எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் தாயும் சேயும் நலம் பெற்று வாழ்வார்களாக.