உங்கள் தாய்மொழி என்ன?

பெங்களூரில் பல மொழிகள் பேசுகிறார்கள். கடைத்தெருவில் கன்னடம் கேட்கும். பக்கத்துத் தெருவில் தமிழ் கேட்கும். தெலுங்கும் உருதும் கேட்கும். அல்சூர் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன.

எந்த மொழியை எத்தனை பேர் பேசுகிறார்கள்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதைச் சொல்கிறது. 2011-இல் மொழி பற்றி இரண்டு கேள்விகள் கேட்டார்கள். உங்கள் தாய்மொழி என்ன? வேறு என்ன மொழிகள் தெரியும்?

ஒரு வீட்டில் இப்படிப் பேச்சு நடந்ததாக வைத்துக்கொள்வோம்.

டீச்சர்: அம்மா, உங்கள் தாய்மொழி என்ன?

அம்மா: வெளியே கன்னடம்தான் பேசுகிறேன் டீச்சர். கன்னடம் என்றே எழுதுங்கள்.

டீச்சர்: சின்ன வயதில் உங்கள் தாயார் உங்களிடம் என்ன மொழி பேசினார்?

அம்மா: தமிழ்.

டீச்சர்: அப்படியானால் தமிழ்தான் உங்கள் தாய்மொழி. கன்னடம் உங்களுக்குத் தெரிந்த வேறு மொழி. இன்னொரு மொழியும் சொல்லலாம்.

அம்மா: வேலை செய்யும் வீட்டில் இங்கிலீஷ் பேசுவேன். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதே!

டீச்சர்: புரிந்துகொண்டு பேசினால் போதும். எழுதிக்கொள்கிறேன். வீட்டுக்காரருக்கு?

அம்மா: அவருக்குத் தெலுங்கு.

டீச்சர்: அதைத் தனியாக எழுதுகிறேன். ஒரே வீட்டில் இரண்டு தாய்மொழி இருக்கலாம்.

2011-இல் இந்தியாவில் ஆங்கிலத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் பேர்தான். ஆனால் ஆங்கிலம் தெரியும் என்றவர்கள் 12 கோடிக்கும் மேல். வீட்டு மொழி வேறு, தெரிந்த மொழி வேறு என்பது இதில் தெரிகிறது.

இந்தக் கணக்கால் என்ன பயன்? சிறுபான்மை மொழி பேசுவோரின் குழந்தைகளுக்குத் தொடக்கப் பள்ளியில் தாய்மொழியில் கற்பிக்க வசதி செய்ய முயல வேண்டும் என்று நம் அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு சொல்கிறது. எந்தப் பகுதியில் எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் ஆசிரியரை நியமிக்க முடியும். பாடநூல் அச்சிட முடியும்.

அமெரிக்காவில் வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள், ஆங்கிலம் எவ்வளவு நன்றாகப் பேசுவீர்கள் என்று கேட்கிறார்கள். ஆங்கிலம் சரியாகத் தெரியாத சில மொழியினர் அதிகமாக வாழும் மாவட்டங்களில் அவர்கள் மொழியிலும் வாக்குச்சீட்டு தர வேண்டும். 1975-இல் இதற்குச் சட்டம் வந்தது.

நாம் சொல்லும் விவரம் ரகசியமாக இருக்கும். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குக் காவல். 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு கணக்கெடுப்பு நடத்த 2025-இல் அரசு ஆணை வெளியிட்டது. உங்கள் தாய்மொழியைக் கூச்சமின்றிச் சொல்லுங்கள். தெரிந்த மொழிகளையும் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துப் பாருங்கள். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியுமே!

பயிற்சி

1. தாய்மொழி என்பது எது?
2. ஒரு மொழி தெரியும் என்று சொல்ல அதை எழுதத் தெரிய வேண்டுமா?
3. உங்கள் வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் தாய்மொழியையும் எழுதுங்கள்.