நெடுஞ்சாலையில் கார் மக்கர் செய்தால்

2023 செப்டம்பர் 11, விடியும் முன்பே அந்த விபத்து நடந்தது. கர்நாடகச் சுற்றுலா முடிந்து ஊர் திரும்பிய வேன் ஒன்று, நாட்றம்பள்ளி அருகே பெங்களூரு–சென்னை நெடுஞ்சாலையில் பழுதாகி நின்றது. பயணிகள் இறங்கி வேனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்த மினி லாரி வேனில் மோத, வேன் அவர்கள் மேல் பாய்ந்தது. ஏழு பெண்கள் இறந்துபோனார்கள்.

வண்டியை விட்டு இறங்கினால் மட்டும் போதாது, எங்கே போய் நிற்கிறோம் என்பதும் முக்கியம். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் காருக்குக் காற்று, பெட்ரோல் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் இதைப் பெரும்பாலும் யோசிப்பதில்லை.

இன்ஜின் திணறத் தொடங்கியதுமே இடது இன்டிகேட்டர் கொடுத்து, ஓடும் வேகத்திலேயே சாலையின் இடது ஓரத்துக்கு வண்டியை உருட்டிவிட வேண்டும். சர்வீஸ் ரோடோ பெட்ரோல் பங்க்கோ கண்ணில் பட்டால் இன்னும் நல்லது. டயர் பஞ்சர் என்றாலும் மெதுவாக ஓட்டிப் போகலாம். ரிம் நசுங்கினால் நசுங்கட்டும், கடையில் வேறு கிடைக்கும்.

நிறுத்தியதும் ஹசார்டு விளக்கும் ஹேண்ட்பிரேக்கும் போட்டு, எல்லோரும் இடது பக்கக் கதவு வழியாகவே இறங்க வேண்டும். ஓட்டுநரின் கதவு ஓடும் வண்டிகளை நோக்கித் திறக்கிறது; அவரும் இடது இருக்கைக்கு நகர்ந்துதான் இறங்க வேண்டும். பிறகு இரும்புத் தடுப்பைத் தாண்டி, காருக்குச் சற்றுப் பின்னே தள்ளி நிற்கலாம். காருக்கு முன்னாலோ மீடியன் மேலோ கூடாது. வலது கோடி வரிசையில் கார் நின்றுவிட்டால், ஜிஎஸ்டி சாலை மாதிரி அகலமான சாலையைக் குறுக்கே ஓடிக் கடக்க முயல்வது தற்கொலைக்குச் சமம். பாதுகாப்பாக இறங்க வழியில்லை என்றால் சீட் பெல்ட்டோடு உள்ளேயே இருந்து போன் செய்வதுதான் ஒரே வழி.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 28 மீட்டர் கடக்கிறது. சிவப்பு முக்கோணத்தை டிக்கிக்குப் பக்கத்திலேயே வைத்தால் பின்னால் வருபவருக்குப் பிரேக் பிடிக்க நேரமிருக்காது. நூறு மீட்டராவது பின்னே வைக்க வேண்டும், அதுவும் சாலையோரமாகவே நடந்து, எதிரே வரும் வண்டிகள் மீது கண் வைத்தபடி. இருட்டில் அவ்வளவு தூரம் நடக்க இடமில்லை என்றால் முக்கோணத்தை விட்டுவிடலாம். பிரிட்டனில் மோட்டார்வேயில் அதை வைக்கவே கூடாது என்பது விதி. நம்மூர் லாரிக்காரர்கள் கல்லும் மரக்கிளையும் வைப்பதுண்டு. வண்டி கிளம்பிய பிறகும் அந்தக் கல் அங்கேயே கிடக்கும். இரவில் பைக்கில் வருகிறவருக்கு அது எமன்.

யாருக்கு போன் செய்வது? மைல்கல்லைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மேலே மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை: 1033. டோல்கேட்டை ஒட்டி ரோந்து வண்டியும் கிரேனும் ஆம்புலன்ஸும் இருக்கும். மைல்கல்லில் உள்ள கிலோமீட்டர் எண்ணைச் சொன்னால் தேடி வந்துவிடுவார்கள். பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. அடையாறுக்காரர்கள் அடிக்கடி போகும் ஈசிஆரின் சென்னைப் பகுதி இந்த வகை, அங்கே 112தான். காயம் பட்டிருந்தால் எந்தச் சாலையிலும் 108.

வலது பக்க டயரை அங்கேயே உட்கார்ந்து மாற்றும் வீரம் வேண்டாம். ஸ்டெப்னி டிக்கியிலேயே இருக்கட்டும். கிரேன் வந்து பாதுகாப்பான இடத்துக்கு இழுத்துப் போன பிறகு மாற்றிக்கொள்ளலாம்.